பழங்குடிச் சட்டம் லயத்துக்குப் பொருந்துமா?

ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் என்று ஒரு டிவிசனையே தூக்கி வேறு இடத்தில் வைக்கப் போகிறார்களாம். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழங்குடி மக்களைக் கேட்காமல் அரசாங்கம் முடிவெடுக்கக் கூடாது என்று ஐ.எல்.ஓ. 169 என்றொரு சட்டம் இருக்கிறதாமே. இருநூறு வருஷமாக மலையில் இருக்கிற நாங்கள் அந்தக் கணக்கில் வர மாட்டோமா?"

மலையகத் தமிழர் நாம் வர மாட்டோம். வரத் தேவையும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிற சரக்கு நமக்கு நிறையவே உதவும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

அது சட்டம் என்பதைவிட உடன்படிக்கை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 1989ல் நிறைவேற்றியது, 1991ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாடு அதை ஏற்றால்தான் அந்த நாட்டைக் கட்டும். ஏற்ற நாடுகள் 24தான், பெரும்பாலும் தென்னமெரிக்கப் பக்கம். நம் அயலில் நேபாளம் மட்டும் 2007ல் ஏற்றது. இந்தியா 1957ஆம் ஆண்டின் பழைய 107ஆம் உடன்படிக்கையோடு நின்றுகொண்டது. இலங்கை 169ஐ ஏற்கவில்லை. ஆகவே அதைக் காட்டி நம் நீதிமன்றத்தில் நேராக எதையும் கேட்க முடியாது. 2007ல் ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தைக் கொண்டுவந்தபோது 144 நாடுகள் ஆதரித்தன, அதில் இலங்கையும் ஒன்று. பிரகடனம் என்பது வாக்குறுதி மாதிரி. கொடுத்தவரிடம் ஞாபகப்படுத்தலாம், வழக்குப் போட்டு வாங்க முடியாது.

இனி, யார் பழங்குடி? ஒரு நாடு பிடிக்கப்பட்டபோதோ, குடியேற்ற ஆட்சி வந்தபோதோ, இப்போதைய அரசின் எல்லைகள் வகுக்கப்பட்டபோதோ அங்கே ஏற்கனவே வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள், தங்கள் சொந்தச் சமூக அமைப்புகளை முழுதாகவோ பாதியாகவோ காத்துக்கொண்டிருப்பவர்கள் என்று உடன்படிக்கை சொல்கிறது. கெட்டிக்காரச் சட்டத்தரணி ஒருவர், "1948ல் இந்த அரசு உருவானபோது எங்கள் ஆட்கள் இங்கே இருந்தார்களே" என்று வாதாடிப் பார்க்கலாம். தன்னை யாரென்று ஒரு சமூகம் தானே சொல்லிக்கொள்வதற்கும் அந்த உடன்படிக்கை பெரிய இடம் கொடுக்கிறது. வாதம் சுவையாகத்தான் இருக்கும். நான் அதைப் போடச் சொல்ல மாட்டேன்.

காரணம் சட்டத்தில் இல்லை, மலையின் கதையில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலத்தையும்) முடிக்குரியது என்றது. அப்படிப் பிடித்த நிலத்தில்தான் கோப்பித் தோட்டம் போட்டார்கள். பக்கத்து ஊர்ச் சிங்களவர்கள், "எங்கள் தாத்தன்மார் சேனை வெட்டிய காடு இது" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டி, கோப்பி நட்டு, அட்டைக்கும் காய்ச்சலுக்கும் இரத்தம் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். அதுவும் உண்மை. ஆனால் நிலத்தைப் பிடித்தவன் ஒருவன், இழந்தவன் ஒருவன், அதில் வேலைக்கு இறக்கப்பட்டவன் ஒருவன். மூன்றாமவன் போய் "நான்தான் இங்கே முதலில் இருந்தவன்" என்று சொன்னால் எடுபடாது. நமக்கு அது அவசியமும் இல்லை. இந்த நாட்டுப் பிரஜையைக் கேட்க வேண்டும் என்பதற்கு அவன் ஆதிக்குடியாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அப்புறம் இன்னொன்று. பழங்குடி என்ற பெயர் இருந்தால் கேட்பார்கள் என்று நினைப்பதும் தப்பு. உங்கள் பதுளை மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு முனையில், மஹியங்கனையைத் தாண்டினால் தம்பானை, வேடர்களின் ஊர். அவர்களைப் பழங்குடி இல்லை என்று இந்த நாட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது, ஊர்த் தலைவர் ஊருவரிகே வன்னிலா எத்தோவை விழாக்களுக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். ஆனால் 1983ல் அவர்களுடைய வேட்டைக் காட்டை மாதுறு ஓயா தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது, தேன் எடுக்கவும் மான் அடிக்கவும் தலைமுறை தலைமுறையாகப் போன பாதை ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. மகாவலி ஆற்று நீர்ப்பாசனத் திட்டம் ஒரு பக்கத்தால் காட்டை வெட்டி வயலாக்கியது, மறுபக்கத்தால் மிச்சக் காட்டைப் பூட்டியது. பெரும்பாலானவர்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள், சில குடும்பங்கள் நகரமாட்டோம் என்று தம்பானையிலேயே நின்றன. கிழக்கில் வாகரை, மூதூர்ப் பக்கம் தமிழ் பேசும் வேடர்களும் இருக்கிறார்கள். அவர்களை விழாவுக்குக்கூடக் கூப்பிடுவதில்லை.

மாவட்டத்தின் தெற்கு முனையில் கொஸ்லந்த, மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. அதாவது அறிவு இருந்தது, காகிதம் இருந்தது. எங்கே போவது, யார் நிலம் தருவது, வேலை என்னவாகும், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போகும் என்று அங்கே குடியிருந்தவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்க ஆள் இல்லை. "இங்கே இருக்காதே" என்பது எச்சரிக்கை. "எங்கே இருக்கலாம், வா பேசுவோம்" என்பதுதான் கலந்தாலோசனை. முதலாவது மட்டும் வந்தது.

ஆக, மாவட்டத்தின் ஒரு முனையில் பழங்குடிப் பட்டம் உள்ளவர்கள், மறுமுனையில் அது இல்லாத நாம். இரண்டு பேரையும் கேட்காத விதம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் அதிகம் பேசாத ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். 1964 ஒக்டோபர் 30ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நம் ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இலங்கையும் இந்தியாவும் பங்கு பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் உனக்கு (இந்தியாவுக்கு), 3 இலட்சம் எனக்கு (இலங்கைக்கு), மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்க்கலாம். 1974ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்காமல் எடுத்த முடிவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள், வேறு உதாரணம் வேண்டாம். 1948ல் பிரஜாவுரிமையும் 1949ல் வாக்கும் போயிருந்ததால், எதிர்த்துச் சொல்ல நாடாளுமன்றத்தில் நாம் தெரிந்தெடுத்த ஆளும் இல்லை. 1947ல் 7 ஆசனம் வென்ற சமூகம் அது.

கதை அதோடு முடியவில்லை. அப்படிக் கப்பலேறிப் போனவர்களில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு வேலைக்கு வைத்தது. 1968ல் தொடங்கிய அந்தத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்று பழங்குடிகள் வாழும் மலை அது. காட்டை வெட்டித் தேயிலை போடலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்கப்படாமல் அனுப்பப்பட்டவர்கள் அங்கே கேட்கப்படாதவர்களின் காட்டில் போய் இறங்கினார்கள். பழங்குடி உரிமையைப் பற்றி நாம் பேசும்போது இது நெஞ்சில் இருக்க வேண்டும். அதனால்தான் அவர்களுடைய பட்டத்தை இரவல் வாங்க எனக்குக் கூச்சம்.

சரி, 169 நமக்கில்லை என்றால் எது நமக்கு? மூன்றைச் சொல்லலாம்.

ஒன்று, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை. இலங்கை 1980லேயே அதில் சேர்ந்தது. அதன் 27ஆவது உறுப்புரை சிறுபான்மையினருக்கானது. சிறுபான்மைச் சமூகங்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்கள் பயனுள்ள விதத்தில் பங்கெடுக்க வழி செய்ய வேண்டும் என்று அதைக் கண்காணிக்கும் குழு 1994ல் விளக்கம் சொன்னது. இரண்டாவது, 1992ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சிறுபான்மையினர் பிரகடனம். சிறுபான்மையினர் தங்களைப் பற்றிய, அல்லது தாங்கள் வாழும் பிரதேசத்தைப் பற்றிய முடிவுகளில் பங்கெடுக்க உரிமை உண்டு என்று அதன் 2ஆவது உறுப்புரை சொல்கிறது. உங்கள் டிவிசனைத் தூக்கி வைப்பது அதற்குள் அப்படியே வருகிறது. இரண்டையும் நீங்கள் எழுதும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐ.எல்.ஓ.விடமே தோட்டத்துக்கென்று தனி உடன்படிக்கை ஒன்று இருக்கிறது: 110ஆம் இலக்கம், 1958ஆம் ஆண்டுடையது. இலங்கை 1995ல் அதை ஏற்றுவிட்டது. அது கூலி, பிரசவ விடுமுறை, தொழிற்சங்க உரிமை என்று போகும். நல்ல விஷயங்கள். ஆனால் 169க்கும் 110க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். 169 ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறது. 110 தொழிலாளியைப் பார்த்துப் பேசுகிறது. நம் வியாதியின் வேர் இதில்தான் இருக்கிறது. இந்த நாடு நம்மை எப்போதும் தொழிலாளியாகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறது. பிரட்டுக்கு, அதாவது காலைப் பேர்ப்பதிவுக்கு, வந்தால் பேர், வராவிட்டால் பேர் இல்லை. நம்மைப் பற்றி எது பேசுவதென்றாலும் துரைமாரை (தோட்ட முகாமையாளர்களை) கூப்பிடுவார்கள், தொழிற்சங்கத் தலைவர்களைக் கூப்பிடுவார்கள், இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டால் தோட்டத்தைக் கேட்டாயிற்று என்று அர்த்தம். கூட்டு ஒப்பந்தக் காலத்தில் கூலிப் பேச்சு அப்படித்தான் நடந்தது, அதற்கு அது சரிதான். ஆனால் இன்றைக்குத் தோட்டத்தில் குடியிருக்கிறவர்களில் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் சிறுபான்மை. உங்கள் லயத்தையே எண்ணிப் பாருங்கள். கொழுந்துக்குப் போகிற ஒருவர், கொழும்பில் கடையில் நிற்கிற இருவர், மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகிற ஒருவர், வெளிநாட்டில் ஒருவர், படிக்கிற இரண்டு பிள்ளை. சந்தா கட்டுகிற அந்த ஒருவருக்காக மட்டும் தலைவர் பேசினால் மிச்சப் பேருக்கு யார் பேசுவது? வீடு, தண்ணீர், பாதை, மயானம் எல்லாம் எல்லோருடையதும் அல்லவா?

தொழிற்சங்கம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1977 மே 11ல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் செத்தது கூலிக்காக இல்லை. 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க அரசு எடுத்த முடிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியபோது செத்தார். காணி பிரிப்பு நின்றது. கேட்காத அரசைக் கேட்க வைத்த நாள் அது, அதற்குப் பின்னால் சங்கங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் உயிரைக் கொடுத்துத்தான் காதைத் திருப்ப வேண்டும் என்றால் அது ஒரு முறையே இல்லை.

வாக்கு இருக்கிறதே, உறுப்பினர் இருக்கிறாரே என்றும் கேட்பார்கள். அதையும் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்றொன்று இருந்தது. அதைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோட்ட மக்கள் வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்கள் வந்தார்கள், சில சபைகளில் தவிசாளரும் நம்மவர். ஆனால் லயத்துக்கு முன்னால் ஒரு தெருவிளக்குப் போடச் சொன்னால், "தோட்டம் தனியார் காணி, சட்டத்தில் இடமில்லை." 2018ல்தான் திருத்தினார்கள். அதே காலத்தில்தான் இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம் இருந்த அம்பகமுவ சபையைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட் என்றும், நுவரெலியா சபையைப் பிரித்து அக்கரப்பத்தனை, கொட்டகலை என்றும் புதுச் சபைகளை உண்டாக்கினார்கள். இது பெரிய மாற்றம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சட்டம் திருந்தியது வேறு, ஒரு கூட்டத்தை எப்படி வைப்பது என்று அதிகாரிகள் பழகுவது வேறு.

அந்தப் பழக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், ஊவாவில் ஒரு தோட்டம். உங்களுடையதைப் போலவே இடமாற்றம், புது வீடு. "மக்கள் கருத்து" கேட்கும் கூட்டத்தைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வைத்தார்கள். கிழமை நாள், பகல் இரண்டு மணி. பெண்கள் எல்லாம் மலையில், கொழுந்து நிறுக்க இன்னும் நேரம் இருந்தது. வந்தவர்கள் பென்சன்காரர்களும், வேலையில்லாத பையன்களும், இரண்டு தலைவர்மாரும், என்னைப் போல யாரோ கூப்பிட்டு வந்த ஒன்றிரண்டு பேரும். மேசையில் வரைபடம் விரித்திருந்தது, எழுத்தெல்லாம் சிங்களம். அதிகாரி பத்து நிமிஷம் பேசினார். நல்ல மனிதர், விவரமாகத்தான் பேசினார். மொழிபெயர்க்க வந்த பையன் அதை இரண்டு வரியில் முடித்தான்: "7 பேர்ச் காணியில வீடு கட்டிக் குடுக்கப் போறாங்க. எல்லாரும் பேரெழுதிக் கையெழுத்துப் போடுங்க."

கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு அக்கா வந்தார். கூடையை இஸ்தோப்பில் இறக்கிவிட்டு, படங்குச் சாக்கு இடுப்பில் இருக்க, வரைபடத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "அங்கயா? அங்க உள்ள பீலி மாசியில வத்திரும். நாங்க அந்த மலையில கொழுந்தெடுக்கும்போது தண்ணிக்குக் கீழ இறங்கித்தான் வருவோம்." சொன்னதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

வீடு கட்டினார்கள். பரவாயில்லாத வீடுதான். அடுத்தடுத்த மாசியில் பீலி வற்றியது. பவுசரில் தண்ணீர் வந்தது, சில நாள் வரவில்லை. பிறகொரு வேலைக்காக அந்தத் திட்டத்தின் கோவையை (ஃபைலை) பார்க்க நேர்ந்தது. அன்றைக்கு நாங்கள் கையெழுத்துப் போட்ட வரவுப் பட்டியல் அதில் இருந்தது, மேலே சிங்களத்தில் "பயனாளிகளின் இணக்கம்" என்று தலைப்பு. ஏழாவதோ எட்டாவதோ வரியில் என் கையெழுத்து. நான் அந்தத் தோட்டத்து ஆளே இல்லை.

169ஆம் உடன்படிக்கையின் சரக்கு உதவும் என்று முதலில் சொன்னேனே, இந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது விளங்கும். அதன் 6ஆவது உறுப்புரை, மக்களை நேரடியாகப் பாதிக்கும் எந்த நடவடிக்கைக்கும் முன்பே கேள் என்கிறது. அவர்களுடைய சொந்தப் பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாகக் கேள், சூழலுக்கு ஏற்ற முறையில் கேள், இணக்கம் காணும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தோடு கேள் என்கிறது. 16ஆவது உறுப்புரை குடியெழுப்புவது பற்றியது. விஷயம் தெரிந்து, மிரட்டல் இல்லாமல் கொடுத்த சம்மதத்தோடுதான் எழுப்பலாம். சம்மதம் கிடைக்காவிட்டால் சட்டப்படி பகிரங்க விசாரணை போன்ற நடைமுறை வேண்டும். அந்தக் கூட்டம் இதில் எதில் தேறும்? இடம் தீர்மானித்த பிறகு கேட்டார்கள். கொழுந்து நிறுக்கும் முன் கேட்டார்கள். வாசிக்க முடியாத எழுத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

வேண்டாம் என்பதற்கு மதிப்பு கொடுத்த இடமும் உண்டு. ஒடிசாவில் நியம்கிரி மலை, டோங்ரியா கோந்து பழங்குடிகளின் மலை. பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனத் திட்டம். 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேள் என்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. மாநில அரசு 12 கிராமங்களைத் தெரிந்தெடுத்தது. நூற்றுக்கு மேல் ஊர் இருக்கும் மலையில் ஏன் 12 மட்டும் என்று கேள்வி எழுந்தது, அது நியாயமான கேள்விதான். ஆனால் நீதிபதி ஒருவர் முன்னிலையில், ஒவ்வொரு ஊரிலும், அவர்கள் பாஷையில் நடந்தது. 12 ஊரும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே பழங்குடிப் பட்டத்தைவிட, கிராம சபை என்று சட்டம் ஒப்புக்கொண்ட ஓர் இடம் இருந்ததுதான் வேலை செய்தது. நம் தோட்டத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. பிரட்டுக் களம் துரையுடையது, சங்கக் கூட்டம் சங்கத்துடையது, கோயில் கமிட்டி திருவிழாவோடு சரி.

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை: டிவிசனில் குடியிருக்கிற எல்லோருக்குமான ஒரு கமிட்டியை இப்போதே அமையுங்கள். வேலைக்காரர், வெளிவேலைக்காரர், பென்சன்காரர், எந்தச் சங்கம் என்று பார்க்காமல். பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். தண்ணீர் எங்கே வற்றும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். கூட்டத்தை ஞாயிறு வையுங்கள். பேசியதைக் கொப்பியில் எழுதி, வந்தவர்களின் கையெழுத்து வாங்குங்கள். தலைவர்மாருக்குக் கோபம் வரலாம். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், நாற்காலி மட்டும் மற்றவர்களுக்குப் போட்ட அதே நாற்காலியாக இருக்கட்டும்.

அப்புறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கேள்வி கேட்கத்தான் அது என்று நினைக்கிறோம். அதில் 9ஆவது பிரிவை யாரும் தொடுவதில்லை. 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம், 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் எதுவானாலும், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே, பாதிக்கப்படக் கூடியவர்களுக்கு விவரத்தைத் தெரிவிப்பது அமைச்சரின் கடமை என்கிறது அது. ஒரு லயத்தை இடம் மாற்றுவது 5 இலட்சத்தில் முடிகிற காரியமா? திட்டம் பெரிதாக இருந்து சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்பட்டால், அந்த அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. தோட்டத்தில் கடிதம் ஒப்பீசுக்கு வந்து, கங்காணி கையில் ஏறி, லயத்துக்கு வருவதற்குள் அதில் பாதி போய்விடும். பத்திரிகை அறிவித்தலைப் பார்க்க கமிட்டியில் ஒரு படித்த பிள்ளையை வையுங்கள்.

மொழி விஷயத்தில் கெஞ்சத் தேவையில்லை. தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. நீங்கள் தமிழில் எழுதினால் தமிழில் பதில் வர வேண்டும். வரைபடத்தையும் தமிழில் கேளுங்கள்.

மண்சரிவு ஆபத்து நிஜமாக இருந்தால் போகத்தான் வேண்டும். தித்வா புயலில் நாம் பார்த்தது போதும். கேட்கவில்லை என்ற கோபத்தில் ஆபத்தான இடத்தில் பிடிவாதமாக நிற்காதீர்கள். போவதா என்பதை மலை தீர்மானிக்கும். எங்கே, எப்போது, எந்தப் பத்திரத்தோடு என்பதை நீங்கள் பேசலாம். காணி உறுதி யார் பேரில், மனைவி பேரும் அதில் இருக்குமா? மாசி, பங்குனியில் தண்ணீர் எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடம் எத்தனை மைல்? பழைய மயானத்தை என்ன செய்வார்கள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வரும் வரை எந்தப் பட்டியலிலும் வெறும் கையெழுத்து வேண்டாம். வரவுப் பட்டியல் நீட்டினால், மேலே "கூட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும், சம்மதம் அல்ல" என்று தமிழில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

முதல் வேலை இந்த வாரமே செய்யலாம். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம்: உங்கள் டிவிசனைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அறிக்கை, புது இடத்துக்கான அறிக்கை, திட்டத்தின் மதிப்பீடு, மூன்றின் பிரதியும் வேண்டும். படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் போகாதீர்கள், வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று அவர்கள் சொல்ல வேண்டும். உங்கள் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு படியிறங்குங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள், அறிக்கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.